வேண்டுமென்றே எரிச்சலூட்டும் மென்பொருள்: நம் மாவட்டத்து மக்களிடம் சோதிக்கலாமா?

#1 வடசேரி மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுக்காக ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறேன். பார்வைக்கு அது வருமானச் சான்றிதழ் கேட்கும் இணைய விண்ணப்பம் போலவே இருக்கும். பெயர், தந்தை பெயர், கிராமம், வட்டம், தொழில், ஆண்டு வருமானம் என்று 14 கட்டங்கள். உள்ளே நான்கு கோளாறுகளை நானே வைத்திருக்கிறேன்.

பிறந்த தேதியை எப்படி எழுதினாலும் முதல் முறை ஏற்காது. தமிழில் தட்டச்சு செய்தால் எழுத்து ஒரு வினாடி பிந்தித்தான் திரையில் விழும். ஒன்பதாவது கட்டத்தில் சக்கரம் 12 வினாடி சுற்றும். கடைசியில் 'சமர்ப்பி' பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. மூன்றாவது முறை, நிரப்பியதில் பாதி அழிந்துவிடும்.

கோளாறு நிகழும் நொடியும், அதற்குப்பின் அவர் செய்வது அத்தனையும் பதிவாகும். எத்தனை முறை அழுத்தினார், எவ்வளவு நேரம் சும்மா இருந்தார், எந்தக் கட்டத்துக்குத் திரும்பினார், எப்போது விட்டுவிட்டு எழுந்தார் என்பதெல்லாம் தெரியும். ஒருவருக்குப் பொறுமை போகும் தருணத்தைக் கணினியே உணர்ந்துகொண்டால் அந்த இடத்திலேயே உதவி காட்டலாம், எளிய வழிக்கு மாற்றிவிடலாம். அதுதான் என் நோக்கம். நான் படித்த ஆய்வுகள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடந்தவை. நம் ஊரில் 50 வயதைக் கடந்தவர்களிடம் சோதித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

மார்த்தாண்டத்திலோ கோட்டாற்றிலோ ஓர் இ-சேவை மையத்தின் ஓரத்தில் இந்தக் கணினியை வைத்து, வருபவர்களில் 30 பேரை உட்காரவைக்க எண்ணியிருக்கிறேன். கோளாறு திட்டமிட்டது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன், முடிந்தபின் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் எரிச்சல் வராது. எரிச்சல் வராவிட்டால் ஆய்வே கிடையாது. மையம் நடத்துபவர்கள் யாராவது இங்கே இருந்தால் இடம் தருவீர்களா?

#2 மார்த்தாண்டம் அக்கா

தம்பி, மார்த்தாண்டத்தை அடுத்து ஒன்பது ஆண்டுகளாக மையம் நடத்துகிறேன். இடம் தரமாட்டேன். மறுத்துவிட்டுப் போவது சரியல்ல என்பதால் காரணத்தையும் எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் திருவட்டார்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். முப்பது ஆண்டுகளாக ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாக நடக்கும் வேலை. வெட்டுக்கத்தியும் பாலும் ஷீட் உறையவைக்கும் ஆசிடும் பட்டுப் பட்டு விரல் நுனிகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. கைரேகைக் கருவியில் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். சிவப்பு. குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து வைத்தார். பத்து விரலும் ஆயிற்று. அந்தக் கருவியை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைப் பார்த்து, "என் கை கெட்டுப்போய்விட்டது மக்களே" என்றார்.

ஒரு குடும்பத்தையே தாங்கிய கை அது. தேய்ந்த ரேகையைப் படிக்கத் தெரியாதது கருவியின் குறை. ஆனால் அவர் குறை சொன்னது தன் கையை.

உங்கள் பொத்தான் நகராதபோது வருபவர்களுக்கு எரிச்சல் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மையத்துக்கு வரும் பெரியவர்களுக்கு எரிச்சல் வருவதில்லை தம்பி, வெட்கம்தான் வருகிறது. "நான் எதையோ தொட்டுவிட்டேன்" என்பார்கள். எழுந்துகொள்வார்கள். பிறகு ஆறு மாதத்துக்குத் தாங்களாக எதையும் தொடமாட்டார்கள்; பேரனை அழைத்துக்கொண்டுதான் வருவார்கள். "இதோ, இந்த இடத்தில் நீங்களே அழுத்துங்கள்" என்று சொல்லிச் சொல்லி ஒருவரைப் பழக்க எனக்கு ஒரு வருடம் ஆகிறது. அதை உங்கள் மென்பொருள் கால் மணி நேரத்தில் அழித்துவிடும். முடிந்தபின் "சும்மா சோதனைக்குத்தான்" என்று சொன்னால் அந்த வெட்கம் திரும்பிப் போய்விடுமா?

#3 வடசேரி மாணவன்

அக்கா, இரண்டு முறை படித்தேன். வெட்கம் என்ற ஒன்றை என் திட்டத்தில் நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. கோபம் வரும், அல்லது பொறுமையாக இருப்பார்கள் என்று இரண்டு நிலைகளை மட்டும் வைத்திருந்தேன். ஆனாலும் ஒரு சந்தேகம். கோளாறே வைக்காமல் இதை எப்படி அளப்பது? உங்கள் மையத்தில் ஓரமாக உட்கார்ந்து, தானாக நடக்கும் கோளாறுகளைக் குறித்துக்கொண்டால் போதுமா?

#4 தக்கலை ஓய்வாசிரியர்

முப்பத்திரண்டு ஆண்டு உளவியலும் கல்வியியலும் கற்பித்தவன். இந்த வகை ஆய்வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் அக்கா சொல்வதன் கனமும் தம்பி கேட்பதன் நியாயமும் சேர்ந்தே புரியும்.

மனிதரை வேண்டுமென்றே முட்டுச்சந்தில் நிறுத்திப் பார்ப்பது கணினிக்கு முந்திய பழக்கம். 1975-ல் ஹிரோட்டோ, செலிக்மன் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்தார்கள். விடை இல்லை என்பது மாணவர்களுக்குத் தெரியாது. பிறகு எளிதில் தீர்க்கக்கூடிய வேறொரு வேலையைக் கொடுத்தபோது, அதிலும் அவர்கள் பின்தங்கினார்கள். முயன்றும் பயனில்லை என்ற பாடம் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கும் கூடவே போகிறது. 1978-ல் ஆப்ரம்சன், செலிக்மன், டீஸ்டேல் ஆகியோர் அந்தக் கொள்கையைத் திருத்தி எழுதினார்கள். தோல்வி எல்லாரையும் ஒன்றுபோல் முடக்குவதில்லை, தோல்விக்கு யாரைக் காரணமாக நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது என்றார்கள். 'புதிர் கடினம்' என்பவர் எழுந்து நடக்கிறார். 'எனக்கு அறிவில்லை' என்பவர் உட்கார்ந்துவிடுகிறார். 'என் கை கெட்டுப்போய்விட்டது' என்ற அம்மாவின் சொல் இந்த இரண்டாம் வகை.

கணினிக்கு வருவோம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் ரோசலிண்ட் பிக்கார்டின் குழு தம்பி கேட்பதையே செய்தது. 36 பேரை ஒரு விளையாட்டில் உட்காரவைத்தார்கள். திரையில் தோன்றும் புதிர்களை மவுஸால் வேகமாகத் தீர்க்கவேண்டும். நன்றாகச் செய்பவருக்குப் பரிசு உண்டு. நடுநடுவே, முன்னறிவிப்பின்றி, மவுஸ் வேலை செய்யாமல் போகும். கைத்தோலின் மின்கடத்தும் அளவையும் இரத்த ஓட்டத்தின் துடிப்பையும் கருவிகள் பதிவு செய்தன. எரிச்சல் நேரத்தை அந்தப் பதிவிலிருந்து கணினி பிரித்தறிய முடியுமா என்பது கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடத் தெளிவாகவே பிரித்தறிய முடிந்தது. 2002-ல் அந்தக் கட்டுரை வந்தது.

அதே குழுவில் ஜோனாதன் கிளைன் செய்த வேலைதான் என் மனத்துக்கு நெருக்கம். 70 பேர் ஒரு கணினி விளையாட்டை ஆடினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, இணைப்பு மந்தமாக இருப்பதுபோல் விளையாட்டு நடுவில் உறைந்து உறைந்து நின்றது. பிறகு சிலரிடம் கணினி சம்பந்தமில்லாத கேள்விகளைக் கேட்டது. சிலரை மனத்தில் உள்ளதைக் கொட்டவிட்டது. சிலரிடம், உங்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று கேட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லி, இப்படி நேர்ந்ததற்கு வருந்துகிறேன் என்று வெறும் எழுத்தில் காட்டியது. அடுத்து, விரும்பிய நேரம் வரை ஆடலாம் என்று விட்டபோது, இந்தக் கடைசிக் கூட்டம்தான் மற்றவர்களைவிட நீண்ட நேரம் ஆடியது. ஆறுதல் சொன்னது இயந்திரம் என்று தெரிந்திருந்தும் அப்படி. ஆறுதல் சொல்லும் வேலையை நம் ஊரில் இன்றைக்கு அக்காவைப் போன்றவர்கள்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

#5 முட்டம் சோதனையாளர்

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் மென்பொருள் சோதனையாளராக வேலை பார்க்கிறேன். வாரம் தவறாமல் ஊருக்கு வருகிறவன். தம்பி #3-ல் கேட்ட கேள்விக்கு: போதாது. இயற்கையாக நடக்கும் கோளாறை வைத்துக் கணக்கிட முடியாது. அது எந்த நொடியில் தொடங்கியது என்று உறுதியாகத் தெரியாது. ஒருவருக்குச் சர்வர் நின்றிருக்கும், இன்னொருவருக்கு ஓடிபி வராமல் இருந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட முடியாது. ஒருவர் முகம் சுளித்தது கோளாறுக்காகவா, பஸ் போய்விடுமே என்ற பதற்றத்துக்காகவா? கோளாறை நாம் வைத்தால்தான் எல்லாருக்கும் ஒரே இடத்தில், ஒரே அளவில் விழும். அந்த வகையில் உங்கள் அணுகுமுறையில் தவறில்லை.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் எதை எரிச்சலின் அடையாளம் என்று எழுதிவைத்திருக்கிறீர்கள்? என் ஊகம் சரியானால், ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது, மவுஸை வேகமாக இழுப்பது, அழிவிசையைத் தொடர்ந்து தட்டுவது. எங்கள் அலுவலகத்திலும் அதையே எண்ணுகிறோம். 2014-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் பிக்கார்டின் மாணவர் ஒருவரும் சேர்ந்து அழுத்தம் அளக்கும் விசைப்பலகையையும் தொடுகையை அளக்கும் மவுஸையும் 24 பேரிடம் கொடுத்துப் பார்த்தபோது, மன அழுத்தத்தில் பெரும்பாலோர் விசைகளைக் கூடுதல் பலத்துடன் தட்டினார்கள். மவுஸைப் பற்றும் பரப்பும் கூடியது. கணினியோடு வளர்ந்தவர்களுக்கு அது பொருந்தும்.

என் அப்பாவைச் சொல்கிறேன். நாற்பது ஆண்டு கடலில் வலை இழுத்தவர். காற்று திரும்புவதைத் தோலால் அறிகிறவர். ஒரு நிவாரணத் தொகைக்கான விண்ணப்பத்தை வீட்டில் என் மடிக்கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கம் உறைந்தது. நான் அடுத்த அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டவில்லை, அழுத்தவில்லை. இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரம் திரையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். யாரையாவது கூப்பிடலாமா என்று யோசிக்கும் பார்வை. பக்கம் ஐந்தாவது நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

உங்கள் மென்பொருள் அந்த ஐந்து நிமிடத்தை எப்படிப் பதிவு செய்திருக்கும்? 'அழுத்தம்: பூஜ்யம். பயனர் அமைதியாக இருக்கிறார்.' அன்றைக்கு அந்த அறையில் அப்பாவைவிட நொந்துபோனவர் யாரும் இல்லை.

அதனால் சொல்கிறேன். கை விலகும் நேரத்தை அளவிடுங்கள். கடைசித் தொடுகைக்கும் அடுத்த தொடுகைக்கும் இடையிலுள்ள வெறுமைதான் நம் பெரியவர்களின் எரிச்சல் இருக்கும் இடம். முடிந்தால், சம்மதம் பெற்று, முகம் திரும்பும் திசையைக் குறியுங்கள். திரையை விட்டு ஆளைத் தேடும் பார்வை ஆயிரம் அழுத்தலைவிடத் தெளிவான சான்று.

இன்னொன்று, 12 வினாடிச் சக்கரம் பற்றி. 1968-லேயே ராபர்ட் மில்லர் மனிதரும் கணினியும் உரையாடும்போது சுமார் இரண்டு வினாடிக்குமேல் தாமதம் கூடாது என்று எழுதினார். பிற்பாடு யாக்கோப் நீல்சன் என்ற கணினிப் பயன்பாட்டு ஆய்வாளர், பத்து வினாடியைத் தாண்டினால் பயனரின் கவனம் வேறு பக்கம் போய்விடும் என்றார். 12 என்று நீங்கள் வைத்தது பொருத்தமான இடம். ஆனால் நம் மலையோரக் கிராமங்களில் இணைப்பே அவ்வளவு நேரம் எடுக்கும். பேச்சிப்பாறையிலிருந்து வருகிறவருக்கு 12 வினாடி ஒரு பொருட்டே அல்ல. அளவை ஆளுக்குத் தக்கபடி மாற்றாமல் ஒப்பிடாதீர்கள்.

#6 கோட்டாறு வணிகன்

எல்லாரும் இவ்வளவு கவலைப்படுவது எனக்கு விளங்கவில்லை. கால் மணி நேரம் ஒரு பொத்தான் வேலை செய்யாமல் போகிறது, கடைசியில் உண்மையைச் சொல்லி, ஒரு டீயும் வடையும் வாங்கிக்கொடுத்து அனுப்பப்போகிறார். இதில் யாருக்கு என்ன இழப்பு? உண்மையான இணையதளங்கள் இதைவிடக் கொடுமையாக நடத்துகின்றன, அவை யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை. முன்கூட்டிச் சொன்னால் ஆய்வு கெட்டுவிடும் என்று தம்பி சொல்வது முழுக்கச் சரி. மருந்தின் கசப்பைப் பார்த்துப் பயந்தால் நோய் எப்படித் தீரும்? செய்யவிடுங்கள்.

#7 குலசேகரம் வங்கி ஊழியர்

கோட்டாறு அண்ணன், உண்மையான தளங்கள் கொடுமையாக நடத்துகின்றன என்பதே நாமும் நடத்தலாம் என்பதற்குக் காரணம் ஆகாது. அந்தக் கொடுமைக்கு எதிராக நாட்டில் விதியே வந்துவிட்டது. 2023 நவம்பர் இறுதியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயனரை ஏய்க்கும் திரை வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. பொய் அவசரம் காட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேறும் வழியை மறைப்பது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்று சொன்ன பிறகும் திரும்பத் திரும்ப நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. இவையும் வேண்டுமென்றே எரிச்சலூட்டும் மென்பொருள்தான். அவர்கள் காசுக்காகச் செய்கிறார்கள், தம்பி கற்றுக்கொள்வதற்காகச் செய்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? கேட்டுவிட்டுச் செய்தால்தான் தெரியும்.

கேட்காமல் செய்ததற்கு ஓர் உதாரணம். 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் 6,89,003 பயனர்களின் பக்கங்களில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. 2014-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. கண்டறிந்த விளைவு மிகச் சிறியது. எழுந்த கண்டனம் பெரியது. தங்களைக் கேட்கவே இல்லையே என்பதுதான் மக்களைச் சுட்டது.

#8 மார்த்தாண்டம் அக்கா

கோட்டாறு அண்ணன், டீயும் வடையும் வேண்டாம். யாருக்கு என்ன இழப்பு என்று கேட்டீர்கள். என்னிடம் வருகிறவர்கள் பொழுதுபோக வருவதில்லை. முதியோர் உதவித்தொகை, பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ், பட்டா மாற்றம். அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். அவர்களிடம் "இந்தக் கணினியில் உட்காருகிறீர்களா" என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் தங்கள் வேலை நடக்காமல் போய்விடுமோ என்று பயப்படுவார்கள். அப்படிக் கிடைப்பதைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன்.

முட்டத்துத் தம்பி அவருடைய அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் ஓடவில்லை. கையை மடியில் வைத்துக்கொள்வதை நான் தினமும் பார்க்கிறேன். அதற்கு ஒரு பெயர் உண்டு என்றும், அதை அளக்கலாம் என்றும் இன்றுதான் அறிந்தேன்.

வடசேரித் தம்பி, ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மையத்துக்கு வேலையாக வருபவர்களிடம் வேண்டாம். தனியாக ஒரு நாள் குறித்து, விருப்பமுள்ளவர்களை வரச்சொல்லுங்கள். அன்றைய கூலியைக் கொடுங்கள். 'இந்தப் படிவத்தில் உங்கள் சான்றிதழ் எதுவும் இல்லை, இதனால் எதுவும் கெடாது' என்று முதலிலேயே சொல்லுங்கள். பிறகு என்ன செய்தாலும், போகும்போது ஒருவர்கூட 'என்னால்தான்' என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது. அதற்கு வழி சொல்லுங்கள்.

#9 நெறியாளர்

விவாதம் பயனுள்ளதாகப் போகிறது. தனிப்பட்ட மையங்களின் பெயர், பயனாளிகளின் பெயர் எதையும் இங்கே எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

#10 தக்கலை ஓய்வாசிரியர்

அக்கா கேட்ட வழிக்கு 1975-லேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ராஸ், லெப்பர், ஹப்பர்ட் என்ற மூவர் செய்த ஆய்வு.

மாணவர்களிடம் தற்கொலைக் கடிதங்களைக் கொடுத்து, எது உண்மை எது போலி என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு விடைக்கும் 'சரி', 'தவறு' என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மாணவர் என்ன விடை சொன்னாலும், யாருக்கு எத்தனை 'சரி' என்பதை முன்பே முடிவுசெய்துவிட்டார்கள். கடைசியில் உண்மையைச் சொன்னார்கள்: நாங்கள் சொன்னதற்கும் உங்கள் திறமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று. பிறகு, இந்த வேலையில் உங்களுக்கு எவ்வளவு திறமை இருப்பதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தோற்றதாகச் சொல்லப்பட்டவர்கள், அது பொய் என்று அறிந்த பிறகும், தங்களைத் தாழ்த்தியே மதிப்பிட்டார்கள். பொய்யை விலக்கிவிட்டாலும் அது பதித்த தடம் விலகவில்லை. 'அந்த வெட்கம் திரும்பிப் போய்விடுமா' என்று அக்கா கேட்ட கேள்வி இதுதான்.

ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு பிரிவும் இருந்தது. அவர்களிடம் உண்மையைச் சொன்னதோடு நிற்காமல், இப்படி ஒரு தவறான எண்ணம் மனத்தில் எப்படி ஒட்டிக்கொள்கிறது, பொய் என்று தெரிந்த பிறகும் ஏன் தங்கிவிடுகிறது என்று விரிவாக விளக்கினார்கள். அவர்களிடம் அந்தத் தடம் ஏறக்குறைய முழுவதும் மறைந்தது.

ஆகவே வடசேரித் தம்பி, 'சும்மா சோதனைக்குத்தான்' என்ற ஒற்றை வாக்கியம் போதாது. கோளாறை எப்படி வைத்தீர்கள் என்பதைக் கண்ணால் காணும்படி காட்டவேண்டும். 'நான் எதையோ தொட்டுவிட்டேன்' என்று தோன்றியிருக்குமே, அது ஏன் தோன்றியது என்றும் பேசவேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடமும் போங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளில் சமூக, நடத்தை ஆய்வுகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

#11 வடசேரி மாணவன்

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும்.

நெறிமுறைக் குழு முதல் முறை திருப்பி அனுப்பியது. அக்கா சொன்னவற்றையும் ஆசிரியர் சொன்னவற்றையும் சேர்த்து மறுபடி எழுதினேன். இரண்டாம் முறை, சிறிய அளவில் ஒரு முன்சோதனைக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். சம்மதப் படிவத்தில் 'இந்த மென்பொருள் சில இடங்களில் சரியாக வேலை செய்யாமல் போகலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளலாம், கூலி குறையாது' என்று எழுதினேன். எந்த இடத்தில், ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. எரிச்சல் வராமல் போய்விடும் என்று பயந்திருந்தேன். வந்தது. கோளாறு வரலாம் என்று தெரிந்திருப்பதும், பொத்தான் கண்முன்னே நகராமல் நிற்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது அழுத்தலில் பாதி அழிந்துபோகும் கோளாறை எடுத்துவிட்டேன். மற்றவர் உழைப்பை அழித்துத்தான் கற்றுக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை என்று தோன்றியது. நாசா தயாரித்த வேலைச்சுமை அளவுகோலில் எரிச்சலுக்கென்று ஒரு கோடு உண்டு. 1988-லிருந்து உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அதைத் தமிழில் கேட்டேன். கூடவே நானாக ஒரு கேள்வி சேர்த்தேன்: "இது யாருடைய தவறு என்று அப்போது நினைத்தீர்கள்?" நான் கேட்டதிலேயே முக்கியமானது இந்தக் கேள்விதான் என்று இப்போது நினைக்கிறேன்.

தோவாளையிலிருந்து ஒரு பெரியம்மா வந்திருந்தார். பூச்சந்தையில் பிச்சியும் அரளியும் கட்டுபவர். பொத்தான் நகரவில்லை. முட்டம் அண்ணன் எழுதியது அப்படியே நடந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், வாசலைப் பார்த்தார். என் மென்பொருள் முதல் முறையாக அந்த வெறுமையை எண்ணிக்கொண்டிருந்தது. 70 வினாடிக்கு மேல் போனதும் நானே நிறுத்திவிட்டேன். யாருடைய தவறு என்று கேட்டேன். "எனக்கு இதெல்லாம் வராது தம்பி" என்றார்.

அப்போது இரண்டாம் பகுதியைத் தொடங்கினேன். திரையின் ஓரத்தில் நான்கு சிவப்பு விசைகளை வரைந்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு கோளாறு. 'பொத்தானை முடக்கு' என்ற விசையைக் காட்டி, "இதை நான்தான் பெரியம்மா முடுக்கிவைத்திருந்தேன். நீங்கள் அணைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள்" என்றேன். அணைத்தார். அழுத்தினார். படிவம் போய்ச் சேர்ந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி விசையை முடுக்கினார். அழுத்தினார். நகரவில்லை. அணைத்தார். நகர்ந்தது. ஐந்தாறு முறை அப்படிச் செய்தார். பூக்கட்டும் விரல்கள், வேகமாகப் பழகிக்கொண்டன.

பிறகு வெளியே காத்திருந்த மகளைக் கூப்பிட்டார். கல்லூரியில் படிக்கும் பெண். "இதில் உன் பெயரை எழுதி அனுப்பு பார்க்கலாம்" என்று உட்காரவைத்துவிட்டு, அவள் பார்க்காதபோது விசையை முடுக்கிவிட்டார். அந்தப் பெண் எட்டு முறை அழுத்தினாள், மவுஸை மேசையில் தட்டினாள், "இந்தக் கணினி சரியில்லை" என்றாள். பெரியம்மா என்னிடம் திரும்பி, "இவள் கணினியைத்தானே சொல்கிறாள்" என்றார்.

அதற்குமேல் நான் எதையும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஐந்து பேரிடம்தான் செய்திருக்கிறேன். எதையும் நிறுவியதாகச் சொல்லமுடியாது. ஒருவர், ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் பெரியவர், விசைகளைக் காட்டிய பிறகும் "இருந்தாலும் நான் மெதுவாகச் செய்துவிட்டேன்" என்றே சொல்லிக்கொண்டு போனார். அவரிடம் நான் தோற்றுவிட்டேன். அவருக்கு இன்னும் என்ன செய்திருக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

#12 முட்டம் சோதனையாளர்

தம்பி, அந்த வெறுமையை எண்ணும் பகுதியின் நிரலை எனக்கு அனுப்புங்கள். எங்கள் குழுவிடம் காட்டவேண்டும். ஷீட் வாங்கும் பெரியவர் விஷயத்தில் ஒரு யோசனை: அவர் மெதுவாகச் செய்ததாக நினைப்பது தட்டச்சுப் பிந்துதலால் இருக்கலாம். மற்ற மூன்றும் கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். எழுத்து ஒரு வினாடி பிந்துவது தன் விரலின் மந்தம் போலவே தோன்றும். அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் தட்டிய நேரத்தையும் திரையில் எழுத்து விழுந்த நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டிப் பாருங்கள்.

#13 மார்த்தாண்டம் அக்கா

ஷீட் வாங்கும் பெரியவரை மறுபடியும் கூப்பிடுங்கள் தம்பி, முட்டத்துத் தம்பி சொன்னபடி காட்டுங்கள். அவரை அப்படியே விட்டுவிடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் என் மையம் பூட்டியிருக்கும், சாவி என்னிடம்தான். ஜூன் மாதம் மட்டும் வேண்டாம், சேர்க்கைக் கூட்டம் இருக்கும். திருவட்டார் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். வர விருப்பம் என்றார். கைரேகைக் கருவிக்கும் அதுபோல ஒரு விசை செய்யமுடியுமா? தேய்ந்த விரலைப் படிக்காதது கருவிதான் என்பதை அவர் கண்ணால் பார்க்கவேண்டும். செய்யமுடியும் என்றால் வாருங்கள். முதலில் நான் உட்காருகிறேன், பிறகு அவர்.